போரானுக்குக் கட்டம் இல்லை

ஆலையின் பெரிய வாசலில், பேனரில் அவள் முகம் இருபது அடி அகலத்துக்கு ஒன்றரை வருடம் தொங்கியது. முகத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில், அவள் சொன்ன ஒரு வாக்கியம்: "எங்க உலையில உருகாத எதுலயும் நான் கையெழுத்துப் போட்டதில்ல."

அதைச் சொன்ன அன்றைக்கு அது உண்மைதான். இருபத்திரண்டு வருடமாக அந்த எஃகு ஆலையின் ஆய்வகத்தில் அவள் பார்த்த வேலையை ஒரே மூச்சில் சொன்னால் அப்படித்தான் சொல்ல முடியும். உலையிலிருந்து கரண்டியில் அள்ளி வார்த்த மாதிரித் துண்டு சூடு ஆறாமல் வரும். அதை வெட்டி, தேய்த்து, ஸ்பெக்ட்ரோமீட்டர் மெஷினில் வைத்துப் பொறி அடித்தால் எஃகில் எது எவ்வளவு என்று திரையில் வரும். கரி இவ்வளவு, மாங்கனீசு இவ்வளவு, கந்தகம் இவ்வளவு. அதை டெஸ்ட் சர்டிபிகேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். ஒரு துண்டுக்கு மூன்று பொறி. இரண்டு அடித்துவிட்டு மூன்றாவதைக் கணக்குப் போட்டு எழுதுகிறவர்கள் உண்டு. அவள் அப்படியில்லை. மூன்றும் ஒத்துவராவிட்டால் மறுபடி தேய்த்து மறுபடி மூன்று. ஏழு என்ற எண்ணுக்கு இடுப்பில் ஒரு கோடு போடுவாள், ஒன்று என்று யாரும் படித்துவிடக் கூடாதாம். ஆலையில் அவள் பெயர் மூணுபொறி. அதை முதலில் கேலியாக வைத்தவர்களே பிறகு மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

அவளுடைய அண்ணன் அதே ஆலையின் யார்டில் பெயிண்டர். சுருட்டி வைத்த தகட்டுச் சுருள்களின் மேல் அச்சுத் தகடு வைத்து ஹீட் நம்பர் அடிப்பது அவர் வேலை. ஒவ்வொரு வார்ப்புக்கும் ஒரு நம்பர், முதல் இலக்கம் எந்த உலை என்று சொல்லும். எட்டாவதோடு நிறுத்தியவர். ஆனால் அவர் அடித்த நம்பரில் ஒரு சொட்டு வழிந்திருக்காது. "என் தங்கச்சி போடற கையெழுத்து உள்ள காகிதத்துல இருக்கும், நான் போடற நம்பர் சுருள் மேல இருக்கும். ரெண்டும் ஒண்ணுதான்" என்பார். இருவரும் ஒரே வீடு. கீழே அண்ணனும் அண்ணியும், மாடி அறையில் அவள்.

அந்தப் பேனர் வந்த கதை இது. வெளிநாட்டு எஃகு மலிவு விலையில் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. உள்நாட்டு ஆலைகள் படுத்துவிடும், இறக்குமதிக்கு வரி போட வேண்டும் என்று கம்பெனி மனுப் போட்டது. விசாரணை நாளன்று பதினாலு பஸ்ஸில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணன் கையில் ஒரு அட்டை: 'வெளிநாட்டு எஃகே வெளியே போ.' அவளை மட்டும் உள்ளே சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். விளம்பரப் பிரிவில் இரண்டு பக்கத்துக்குப் பேச்சு எழுதிக் கொடுத்திருந்தார்கள். 'உலகளாவிய போட்டித்திறன்' என்ற சொல் அதில் ஒன்பது இடத்தில் வந்தது. அவள் அதை மடித்து வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாள். வரி வந்தது. பேனரும் வந்தது.

வரி வந்த வாரமே கம்பெனி தன் தகட்டின் விலையையும் ஏற்றியது. வெளிநாட்டுத் தகட்டுக்கு ஒரு ரூபாய் கீழே கொண்டுபோய் நிறுத்தியது. அந்த லாபத்தில் உலைகளுக்குச் செங்கல் மாற்றுவோம், புது மெஷின் வாங்குவோம் என்று விசாரணையில் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் நம்பர் உலையைச் செங்கல் மாற்றவென்று அணைத்தார்கள். செங்கல் வரவில்லை. உலை வாயில் புறா கூடு கட்டியது. வரவேற்பறைக்குப் பளிங்கு வந்தது. ஆய்வகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது: 'போட்டித்திறன் மாதத்தை முன்னிட்டு ஆர்கான் வாயுவைச் சிக்கனப்படுத்த, மாதிரி ஒன்றுக்கு இரண்டு பொறி போதும்.'

சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் ஆய்வக மேலாளர். அவருக்கு ரவுண்டு சார் என்று பெயர். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. எல்லாவற்றையும் ரவுண்டு பண்ணிவிடுவார்.

"மூணாவது பொறியில அப்படி என்னம்மா புதுசா வந்துடப் போகுது?" என்றார்.

"ஒண்ணும் வரலேன்னு தெரியறதுக்குத்தான் சார் அடிக்கிறேன்."

அவள் மூன்றே அடித்தாள். ஆனால் அந்த மாதங்களில் அவள் ஒரு தப்பு செய்தாள். மாதத்துக்கு ஒரு தடவை, சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து ரவுண்டு சார் அறையிலிருந்து ஒரு ஃபைல் வரும். டைப் அடித்த சர்டிபிகேட்டுகள், பத்துப் பதினைந்து. "இதெல்லாம் அடுத்த ஷிப்ட்ல டெஸ்ட் பண்ணினது. உங்க கையெழுத்துதான் வெளியில செல்லும்" என்பார். ஓரத்தில் சக ஊழியரின் சுருக்கொப்பம் இருக்கும். ஒரு பொறியைக்கூட விட மனசு வராதவள், ஒரு பொறியும் அடிக்காமல் அத்தனையிலும் கையெழுத்துப் போட்டாள். கூட வேலை செய்கிறவரின் சுருக்கொப்பத்தைச் சந்தேகப்படுவது மரியாதையில்லை என்று நினைத்தாள்.

தொட்டிக்காரர் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. ஊருக்கு வெளியே சின்னப் பட்டறை வைத்து எண்ணெய்த் தொட்டி செய்கிறவர். கோணிச் சாக்கில் சுற்றிய ஒரு தகட்டுத் துண்டை ஆய்வக ஜன்னல் கட்டையில் டொங்கென்று வைத்தார்.

"வாசல்ல தொங்கின படம் நீங்கதானே?"

"ஆமா."

"அந்த மூஞ்சியை நம்பித்தாம்மா தகடு வாங்கினேன். இதைப் பாருங்க."

வெல்டிங் கோட்டை ஒட்டி, முடி அகலத்துக்கு ஒரு விரிசல் நீளமாக ஓடியிருந்தது.

"வெல்டிங் ராடு ஈரமா இருந்திருக்குமோ?" என்று கேட்டாள்.

"எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. இருபது வருஷமா அதே ராடு, அதே ஆளு. அடுப்புல காயவெச்சு எடுக்கறோம். சாயங்காலம் பத்த வெச்சா பளபளன்னு இருக்கு. மறுநாள் காலைல வந்து பாத்தா வாயைப் பொளந்துகிட்டு இருக்கு. ஆஸ்பத்திரிக்கு ஆறு தொட்டி. ஆறும் போச்சு. தகடு கோளாறுன்னு உங்க கம்பெனி ஒரு வரி எழுதிக் குடுத்தா பொழச்சேன். வெல்டிங் கோளாறுன்னு எழுதினா இனி எவனும் எனக்கு வேலை தர மாட்டான். பட்டறையைப் பூட்டிட்டு வாட்ச்மேன் வேலைக்குத்தான் போகணும். அந்த வேலைக்கும் இப்ப போட்டியாம்."

சட்டைப்பையிலிருந்து சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினார். கீழே அவள் கையெழுத்து. தேதியில் அவளுடைய இடுப்புக்கோடு போட்ட ஏழு.

அவள் ஒரு மூலையை வெட்டினாள். மூன்று வகை உப்புத்தாளில் தேய்த்தாள். மூன்று பொறி அடித்தாள். கரி சரி, மாங்கனீசு சரி, எல்லாம் சர்டிபிகேட்டில் உள்ளபடி. அவரிடம் 'தகடு நல்லாத்தான் இருக்கு' என்று சொல்ல வாயெடுத்தவள், திரையின் கடைசி வரியைப் பார்த்தாள். யாரும் பார்க்காத வரி. போரான்.

இந்த ஆலை போரான் சேர்ப்பதே இல்லை. சர்டிபிகேட்டில் அதற்குக் கட்டமே கிடையாது. இருபத்திரண்டு வருடமாக அந்த வரியில் பூஜ்யத்தை ஒட்டி ஏதாவது இருக்கும். இன்றைக்கு 0.0012. மெஷினை சரிபார்க்கும் துண்டை வைத்து அடித்துப் பார்த்தாள். மெஷின் சரி. மறுபடி மூன்று பொறி. 0.0012. இன்னொரு மூன்று. அதே.

போரான் அரிசியில் கிடக்கும் ஒரு கல் மாதிரி. அளவு துளி, ஆனால் பல் போய்விடும். தெரியாமல் வெல்டிங் வைத்தால் கோட்டோரம் தகடு விறைத்து வெடிக்கும். பழைய கருத்தரங்கு ஒன்றில் ஒருவர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. சில நாட்டு ஆலைகள் ஏற்றுமதித் தகட்டில் வேண்டுமென்றே ஒரு சிட்டிகை போரான் போடுவார்களாம். போட்டால் அது கலப்பு எஃகு என்ற பட்டியலில் வரும், அவர்கள் அரசாங்கம் வரியைத் திருப்பிக் கொடுக்கும். எஃகுக்காக அல்ல, பட்டியலுக்காகப் போடுகிற போரான்.

சர்டிபிகேட்டை மறுபடி பார்த்தாள். ஹீட் நம்பர் இரண்டில் தொடங்கியது. இரண்டாம் நம்பர் உலை. தேதி போன மாதம். புறா குஞ்சு பொரித்திருந்த மாதம்.

"ரெண்டு நாள் குடுங்க. வெல்டிங் கோளாறுன்னு என் கையால எழுத மாட்டேன்" என்றாள்.

"வேற கையால எழுதிடுவாங்களேம்மா" என்றார் தொட்டிக்காரர்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது அவள் மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, ரெண்டாம் நம்பர் உலைச் சுருள் யார்டுல எங்க வெச்சிருக்காங்க?"

அண்ணன் சோற்றைப் பிசைந்தார். பதில் அண்ணியிடமிருந்து வந்தது.

"உங்க அண்ணன்கிட்ட நானும் ஆறு மாசமா கேக்கறேன். பெயிண்ட் அடிக்கிறவர் கை பெயிண்ட் நாறணும். இவரு கை தின்னர்ல ஊறிக் கிடக்கு. சோத்தை வாய்ல வெச்சா எனக்கே மண்ணெண்ணெய் குடிச்ச மாதிரி இருக்கு. அடிக்கிறாரா அழிக்கிறாரா?"

"சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். உங்க கைதான் பேசுது."

அண்ணன் தண்ணீர் குடித்தார். பிறகு தங்கையைப் பார்க்காமலே சொன்னார். "நாளைக்கு மத்தியானம் யார்டுக்கு வா. கடைசி வரிசை."

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் போனாள். கடைசி வரிசையில், சுவரை ஒட்டி, நாற்பது சுருளுக்கு மேல் நின்றன. தார்ப்பாய்களால் மூடி, கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. நடுவில் ஒரு பாய் மட்டும் வண்ணமாக இருந்தது. கிட்டப் போனபோதுதான் தெரிந்தது. வாசலில் தொங்கிய பேனர். போன மாதம் இறக்கினார்கள், எங்கே போனது என்று அவள் கேட்கவில்லை. கன்னத்தில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்திருந்தார்கள். ஒரு கண்ணின் மேல் காகம் எச்சமிட்டிருந்தது. 'உருகாத எதுலயும்' என்ற எழுத்து மடிப்புக்குள் மாட்டியிருந்தது.

அண்ணன் முடிச்சை அவிழ்த்து, அவள் முகத்தைப் பிடித்து மேலே தூக்கினார்.

உள்ளே இருந்த சுருளில் வெளிநாட்டு எழுத்தில் ஒட்டிய சீட்டு. பாதி சுரண்டியிருந்தது. பக்கத்தில் தின்னர் டப்பா, கம்பி பிரஷ், அண்ணனுடைய இரண்டாம் நம்பர் அச்சுத் தகடு.

"எப்படிண்ணா உள்ள வந்துச்சு? வரி இருக்கே?"

"முழு எஃகுன்னு வந்தாத்தானே வரி. பாதி வேலை முடிஞ்ச சரக்குன்னு வேற பேர்ல வருதாம். கப்பல்ல வரும்போது பாதி, நம்ம கேட்டைத் தாண்டினா முழுசு. நடுவுல நடக்கிற மிச்சப் பாதி வேலை என்ன தெரியுமா?" தின்னர் டப்பாவைக் காலால் தட்டினார். "இதுதான்."

அவள் சீட்டில் மிஞ்சியிருந்த பாதியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நீயும் சொல்லலையேண்ணா."

"என்னன்னு சொல்லுவேன்? வெளிய போன்னு அட்டை பிடிச்ச கையாலேயே உள்ள வான்னு நம்பர் அடிச்சேன்னா? ஒவ்வொண்ணும் சொட்டு வழியாம அடிச்சிருக்கேன், பாரு. அதுல ஒரு பெருமை வேற. த்தூ."

அவளால் அண்ணனைத் திட்ட முடியவில்லை. டெஸ்ட் பண்ணாமல் கையெழுத்துப் போட்ட அவள் கை மட்டும் என்ன வாழ்ந்தது?

ரவுண்டு சார் அறையில் தொட்டிக்காரருக்கான பதில் தயாராக இருந்தது. 'தகட்டில் குறை இல்லை. வெல்டிங் முறையில் உள்ள குறையே விரிசலுக்குக் காரணம்.' கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. பளிங்கு வரவேற்பறையின் குளிர் அந்த அறைவரை வந்தது.

"இதுல போரான் இருக்கு சார்."

"எவ்வளவு?"

"புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஒண்ணு ரெண்டு."

ரவுண்டு சார் நிம்மதியாகச் சாய்ந்தார். "ரெண்டு இலக்கத்துக்கு ரவுண்டு பண்ணுங்க. என்ன வருது? பூஜ்யம். இல்லாததுக்கு ஏம்மா இவ்வளவு பதற்றம்?"

"இது நம்ம தகடே இல்ல சார்."

"மெதுவா பேசுங்க. நாம ஒரு டன் உருக்கற செலவுல அவன் உருக்கி, உருட்டி, கப்பல்ல ஏத்தி, இங்க கொண்டாந்து இறக்கிடறான். அவனோட போட்டி போட்டா நாம செத்தோம். அவன்கிட்டயே வாங்கி வித்தா நாலு காசு நிக்குது. உங்க சம்பளமும் அதுலதான் வருது. இதுக்குப் பேருதான் போட்டித்திறன்."

"அப்ப வெளிநாட்டுத் தகடுன்னு சொல்லியே வித்துடலாமே சார். தொட்டிக்காரர் அதுக்குத் தக்க ராடு போட்டிருப்பார்."

"அப்படி வித்தா எவன் நம்ம விலை குடுப்பான்?" ரவுண்டு சார் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "பதில்ல கையெழுத்துப் போட வேண்டாம், நானே போட்டுக்கறேன். கூட வைக்கிற சர்டிபிகேட் நகல்ல மட்டும் உண்மை நகல்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. அதுவாவது உண்மைதானே?"

அவள் நகலை வாங்கிக்கொண்டு தன் மேஜைக்கு வந்தாள். பன்னிரண்டு கட்டம். போரானுக்குக் கட்டம் இல்லை. ஆனால் காகிதத்தின் வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை இருந்தது. பேனாவை எடுத்து, டைப் அடித்த மாதிரி சீராக எழுதினாள்: 'போரான் 0.0012. மூன்று பொறி வீதம் மூன்று முறை. உலை எண் 2 இந்தத் தேதியில் எரியவில்லை.' கீழே முழுக் கையெழுத்து. உறையில் போட்டு, தானே ஒட்டி, தபால் பிரிவில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதோடு விடவில்லை. முன்பு பொறி அடிக்காமல் கையெழுத்துப் போட்டது, தொட்டிக்காரருடையது போக, அறுபத்து மூன்று சர்டிபிகேட்டில். எண்ணிப் பார்த்தாள். சுருள்களின் வால் முனையை வெட்டி ஒதுக்கிய துண்டுகள் யார்டில் கிடந்தன. அண்ணன் ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி, சாக்கட்டியால் நம்பர் எழுதி, சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொடுத்தார். ஒன்பது நாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பொறி. ஆர்கான் தீர்ந்துபோனபோது, சிக்கனம் செய்து மிச்சம் பிடித்ததாகப் பாராட்டுப் பெற்று ரவுண்டு சார் அறையில் காட்சிக்கு நின்ற சிலிண்டரை உருட்டி வந்து மாட்டினாள். அறுபத்து மூன்று நகலிலும் ஓரத்தில் எழுதி, வாங்கியவர்களுக்கு அனுப்பினாள்.

பத்தாம் நாள் தொலைபேசிகள் அலறத் தொடங்கின.

தொட்டிக்காரர் நகலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். கோளாறு தகட்டில்தான் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அவர் பட்டறை தப்பியது. கம்பெனி அவருக்கு மாற்றுத் தகடு அனுப்பியது. அதன் ஹீட் நம்பரும் இரண்டில் தொடங்கியதால், லாரியை அப்படியே திருப்பி அனுப்பினார். "இது எந்த ஊரு ரெண்டுன்னு உங்க முதலாளிகிட்ட கேட்டுட்டு வா" என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பினாராம்.

மற்றவர்களைக் கம்பெனி தனித்தனியாகக் கூப்பிட்டு, விலையைக் கொஞ்சம் குறைத்து, வாயை மூடிவிட்டது. அறுபத்து மூன்று பேரில் வெளியே பேசியவர் ஒருவரும் இல்லை. குறைத்த விலை அவர்களுக்குப் போரானைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அவளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. கம்பெனி பொய் சொன்னதை ஜீரணித்துவிடலாம். உண்மையைக் கையில் வாங்கியவர்கள் அதை வைத்து விலை பேசியதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. பேனரில் இருந்த முகத்தை வெளியே அனுப்பினால் கேள்வி வரும். கேட் பக்கத்து வே பிரிட்ஜுக்கு மாற்றினார்கள். லாரி ஏறி நின்றால் எடை பார்த்துச் சீட்டு எழுதும் வேலை. ஆய்வகத்துக்குப் புது சர்டிபிகேட் படிவம் அச்சாகி வந்தது. அண்ணன் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். அதே பன்னிரண்டு கட்டம். ஆனால் கட்டங்களை நாலு பக்கமும் காகிதத்தின் விளிம்புவரை இழுத்து அச்சடித்திருந்தார்கள். ஒரு எறும்பு நடக்கக்கூட ஓரத்தில் வெள்ளை இல்லை. அந்த வருடம் நாட்டின் சிறந்த போட்டித்திறன் விருது வாங்க ரவுண்டு சார் மேடையேறினார்.

"உனக்காக ஒரு படிவத்தையே மாத்திட்டாங்க பாரு" என்று அண்ணன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அவர் இப்போது அச்சுத் தகட்டைத் தொடுவதில்லை. கிரேன் சங்கிலிக்கு எண்ணெய் போடுகிறார். அச்சு வேலையை விட்டுப் போகும்போது பேனரிலிருந்து தங்கையின் முகத்தை மட்டும் கத்தியால் வெட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அண்ணி அதை எண்ணெய் தேய்த்துக் கழுவிப் பார்த்தாள். கன்னத்து ஓட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் சுருட்டிப் பரணில் போட்டாள்.

வே பிரிட்ஜில் முதல் நாள், எடைச் சீட்டுப் புத்தகத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினாள். வண்டி எண், சரக்கு, எடை, நேரம். நாலும் நிரம்பியிருந்தது. அஞ்சாவதாக ஒரு கட்டம்: 'சரக்கு வந்த இடம்.' புத்தகம் முழுக்க அது காலியாகவே கிடந்தது.

பதினொரு மணிக்குத் தார்ப்பாய் மூடிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு மேடையேறியது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"எங்கிருந்து வர்றீங்க?" என்று கேட்டாள்.

"துறைமுகத்துலேர்ந்து. ஏழாம் நம்பர் துறை. எதுக்கு மேடம்? எடையை மட்டும் போடுங்க. அதையெல்லாம் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே."

அவள் 'துறைமுகம், துறை எண் 7' என்று எழுதினாள். ஏழுக்கு இடுப்பில் கோடு போட்டாள்.

"கட்டம் இருக்கே" என்றாள். "நிரப்பறேன். அடுத்த வண்டியை வரச் சொல்லுங்க."